புயலுக்கு முந்திய கணக்கு: ஊர் வளவு மரங்களும் நாமும்

ரூ பஜோல் மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர் ஒவ்வோர் ஆண்டும் ஓகஸ்ட் கடைசியிலோ செப்டெம்பர் தொடக்கத்திலோ லாச்சப்பல் தெருக்களைச் சுற்றி வருகிறது. வழிநெடுகச் சிதறுதேங்காய். துப்புரவு வண்டிகள் வந்து தெருவைக் கழுவும்வரை இளநீர் மணம் விட்டுப்போகாது. அந்தத் தேங்காய்களை நாம் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம். அதே நாட்களில் ஊரில் நமது சொந்த வளவுத் தென்னைகளில், பிடுங்க ஆளில்லாமல் முற்றிய காய்கள் குலைகுலையாகத் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தேர் வரும் காலத்தில் ஊரில் சோளகம் தணியத் தொடங்கும். பெருமழைக்கும் வாடைக்கும் இன்னும் ஆறேழு வாரங்கள் இருக்கும். வங்காள விரிகுடாவில் உருவாகி நமது கரைகளைத் தாக்கும் புயல்கள் பெரும்பாலும் நவம்பரிலும் டிசெம்பரிலும்தான் வருகின்றன. ஆகவே வளவு மரங்களைப் பார்த்துக் கொப்பு கழித்து ஆயத்தப்படுத்த ஏற்ற காலம் இந்த இடைவெளிதான். இந்த வாரங்களில் நாம் ஊருக்குத் தொலைபேசி எடுக்கிறோம், திருவிழாவைப் பற்றிக் கதைக்கிறோம், மரத்தைப் பற்றிக் கேட்பதில்லை.

நாங்களும் கேட்கவில்லை. அதனால் என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகிறோம்.

ஒரு பலாமரத்தின் வரவு செலவு

2025 நவம்பர் 28ஆம் திகதி டித்வா புயல் இலங்கையின் கிழக்குக் கரையைக் கடந்து வடக்கு நோக்கி நகர்ந்தது. 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவுகள் முழுக் குடும்பங்களையே மூடின. அந்தப் பேரழிவின் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கதை மிகச் சிறியது. ஆனால் அது நாங்களே தேடிக்கொண்டது என்பதால் எழுத வேண்டியிருக்கிறது.

வலிகாமத்தில் எங்கள் வளவில் அப்பா வைத்த பலாமரம் ஒன்று நின்றது. வீட்டில் சின்னம்மா மட்டும் இருக்கிறார். புயலன்று இரவு தொடர்பு அறுந்தது. மூன்றாம் நாள்தான் அவருடைய குரல் கேட்டது.

"தம்பி, பலா பாறிப் போச்சு. எங்கடை பக்கம் ஒண்டும் இல்லை. பக்கத்து வளவுக் குசினிக்கு மேலைதான் விழுந்து கிடக்கு."

பக்கத்து வளவில் தையல் வேலை செய்து இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் ஒரு பெண் இருக்கிறார். பிள்ளைகள் படுத்திருந்த அறைக்கும் அந்தக் குசினிக்கும் நடுவில் ஒரேயொரு சுவர். அந்தச் சுவர் நின்றதால் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர் முதலே இரண்டு தடவை சின்னம்மாவிடம், "அந்த மரம் எங்கடை பக்கம் சரியுது அக்கா, ஒருக்கால் பிரான்சுக்குச் சொல்லுங்கோ" என்று கேட்டிருந்தார். சின்னம்மாவும் சொன்னார். "வாற வருசம் வரேக்கை பார்ப்பம்" என்பதுதான் எங்கள் பதில்.

கணக்கு எழுதிப் பிழைக்கும் ஆட்கள் நாங்கள். ஆகவே இதையும் கணக்காகவே எழுதிப் பார்த்தோம். 2014இல் மதில் கட்டவும் முற்றத்துக்குச் சீமெந்து போடவும் ஏறக்குறைய 6,000 யூரோ அனுப்பினோம். மதிலுக்கு அத்திவாரம் வெட்டியபோது பலாவின் கைப்பருமன் வேர் ஒன்று குறுக்கே வந்தது. மேசன் படமெடுத்து அனுப்பிக் கேட்டார். "வெட்டிப்போட்டுக் கட்டுங்கோ" என்றோம். அதன் பிறகு 11 ஆண்டுகளில் மரங்களுக்கென்று அனுப்பிய தொகை பூச்சியம். புயலுக்குப் பின் மரத்தை அறுத்து அகற்றவும் பக்கத்து வீட்டுக் கூரையையும் சுவரையும் திருத்தவும் 1,900 யூரோ அனுப்பினோம். இந்த இரண்டு தொகைகளுக்கும் நடுவில் இருக்கும் பூச்சியம்தான் எங்களைக் குத்துகிறது. ஆண்டுக்கு ஒரு தடவை இரண்டு பேருக்கு ஒரு நாள் கூலி கொடுத்திருந்தால் போதும்.

இது எங்கள் ஒரு வீட்டின் கதை மட்டும் அல்ல. பரிசிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்துகொண்டு பூட்டிய வீடுகளையும் வயதானவர்கள் தனித்திருக்கும் வீடுகளையும் நாம் வைத்திருக்கிறோம். மதில், கேற், மாபிள், தண்ணீர்த் தாங்கி எல்லாவற்றுக்கும் பணம் போகிறது. புயல் வந்தால் நிவாரணத்துக்கும் தாராளமாகக் கொடுக்கிறோம், அது நம் சமூகத்தின் பெருமை. ஆனால் பராமரிப்பு என்ற செலவுத் தலைப்பு நமது கணக்கில் இல்லை.

பாறுவது வேறு, முறிவது வேறு

காற்றில் மரம் விழுவதற்கு ஊரில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. வேரோடு கிளம்பிச் சாய்ந்தால் "பாறி விழுந்தது" என்பார்கள். தண்டோ கொப்போ ஒடிந்தால் "முறிந்து விழுந்தது" என்பார்கள். இரண்டுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு.

பாறுவது வேரின் பிரச்சினை. மரத்தின் வேர் ஆழத்துக்குப் போகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணின் ஒரு மீற்றருக்குள், கொப்புகளின் நிழலையும் தாண்டி அகலத்தில் பரவுகின்றன. வலிகாமத்தில் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். பல இடங்களில் அந்த மண் ஆழமானதும் அல்ல. ஆகவே நமது மரங்களுக்கு அகலம்தான் பிடிமானம். மதில் அத்திவாரம் அந்த அகலத்தை ஒரு பக்கத்தில் அறுக்கிறது. சீமெந்து முற்றம் மீதிப் பக்கங்களில் நீரையும் காற்றையும் தடுக்கிறது. பிறகு நாட்கணக்கில் மழை பெய்து மண் கூழாகும்போது காற்றும் வந்தால், வேர் அறுந்த பக்கத்திலிருந்து மரம் கிளம்புகிறது. நாங்கள் வேரை வெட்டியது எங்கள் பக்கத்து மதிலடியில். பலா அதற்கு எதிர்ப்பக்கம் விழவில்லை, சரிந்து நின்ற பக்கமே விழுந்தது. வெட்டிய வேர் அழுகி மரத்தின் அடிவரை வந்திருந்ததை விழுந்த பிறகுதான் கண்டார்கள்.

இறுகிய மண் மரத்துக்கு என்ன செய்யும் என்பதை ஐரோப்பியர்களும் ஒரு புயலிடம்தான் கற்றார்கள். 1987 ஒக்டோபர் 15ஆம் திகதி இரவு தெற்கு இங்கிலாந்தை அடித்த காற்றில் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி மரங்கள் சாய்ந்தன. இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் ஏறக்குறைய 200 ஆண்டு பழமையான ஓக் மரம் ஒன்றைக் காற்று வேர்த்தட்டோடு மேலே தூக்கி மறுபடி அதே குழியில் இருத்தியது. முட்டுக்கொடுத்து விட்டுவைத்தார்கள். சில ஆண்டுகளில் அந்த மரம் முன்பைவிடச் செழித்தது. பார்வையாளர்களின் காலடியில் இறுகிப் போயிருந்த மண்ணைப் புயல் இளக்கிவிட்டதே காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு முதிய மரங்களின் அடிமண்ணைத் திட்டமிட்டு இளக்கத் தொடங்கினார்கள்.

நமக்கு இதிலிருந்து கிடைப்பது எளிய விதி. பெரிய மரத்தின் கொப்பு நிழல் விழும் வட்டத்துக்குள் சீமெந்து போடாதீர்கள், அத்திவாரமோ தண்ணீர்க் குழாய்க் கிடங்கோ வெட்டாதீர்கள். ஏற்கெனவே போட்ட சீமெந்தை முழுவதும் உடைக்க முடியாவிட்டாலும், அடியைச் சுற்றி இயன்ற அளவு உடைத்துச் சருகு பரப்பி விடலாம். மதில் கட்டாயம் வேண்டுமென்றால் அந்த இடத்தில் மட்டும் தொடர் அத்திவாரத்தை விட்டுத் தூண்களின் மேல் கட்டலாம். முன்பு கிளுவைக் கதியாலும் பூவரசும் நட்டு அடைத்த வேலி காற்றை வடித்து விட்டது, யாருடைய வேரையும் அறுக்கவில்லை.

முறிவது கொப்பின் பிரச்சினை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் மரத்தின் மேல் அதன் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 50 கிலோமீற்றர் காற்றில் ஆடி நின்ற மரம் 100 கிலோமீற்றரில் நான்கு மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். அடர்ந்த மாமரத்தின் தலை ஒரு பாய்மரம்போல. அதில் காற்றுப் புக வழி செய்வதுதான் கொப்பு கழித்தல். பட்ட கொப்பு, ஒன்றோடொன்று உரசும் கொப்பு, கூரைக்கு மேல் நீண்ட கொப்பு முதலில் போக வேண்டும். பச்சைத் தலையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் ஒரே ஆண்டில் எடுக்கக் கூடாது. இரண்டு தண்டுகள் ஒடுக்கமான கவராகப் பிரிந்து நடுவில் பட்டை அமுங்கிய இடம் இருந்தால் அதைக் கவனியுங்கள். மரம் பெரும்பாலும் அங்கேதான் பிளக்கும்.

மொட்டையடிப்பதுதான் நம்மவர் செய்யும் பெரிய பிழை. தலையை ஒரேயடியாக வெட்டினால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். வெட்டிய அடியிலிருந்து கொத்துக்கொத்தாகக் கிளம்பும் புதுக் கொப்புகளுக்குப் பிடிமானம் கிடையாது. வெட்டுவாயில் உக்கல் இறங்கும். மூன்று நான்கு ஆண்டில் அந்த மரம் முன்னையதைவிட ஆபத்தாக நிற்கும். முருங்கை மட்டும் விலக்கு. அது மென்மரம், மாரிக்கு முன் வெட்டிவிட்டால் மறுபடி தழைக்கும்.

தென்னைக்கும் பனைக்கும் வேறு நியாயம். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பை அடித்த சூறாவளியில் ஏறக்குறைய 900 பேர் இறந்தார்கள், அந்த மாவட்டத்தின் தென்னந்தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்தன. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரணியம் பக்கம் கரையேறிய கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி பகுதிகளில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. அதே வெளியில் பனைகள் பெரும்பாலும் நின்றன. தென்னைக்குத் தலைப்பாரம் அதிகம். முற்றிய தேங்காய் ஒன்று மட்டையோடு ஒரு கிலோவுக்கு மேல் வரும். பிடுங்காமல் விட்ட 40 காய் என்றால் உச்சியில் ஓர் ஆளின் பாரம். ஆகவே மாரிக்கு முன் முற்றிய காய்களைப் பிடுங்கி, காவோலையையும் கிடைமட்டத்துக்குக் கீழே தொங்கும் அடி ஓலைகளையும் எடுத்து, வட்டைத் துப்புரவாக்க வேண்டும். நிமிர்ந்து நிற்கும் ஓலைகளையும் குருத்தையும் தொடக்கூடாது. தென்னந்தண்டில் பட்ட காயம் ஒருபோதும் ஆறி மூடாது. ஏற வசதிக்காகத் தண்டில் படி வெட்டுவதை விட வேண்டும். காண்டாமிருக வண்டும் செவ்வண்டும் துளைத்த மரம் வெளியே பச்சையாக இருந்தாலும் உள்ளே கோறையாக இருக்கலாம்.

யார் ஏறுவது, யாரிடம் கேட்பது

ஊரில் இதையெல்லாம் செய்ய ஆளில்லை என்ற பதில் உடனே வரும். அது பாதி உண்மை. மரமேறத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வர விரும்பவில்லை. ஏறுபவரை நமது சமூகம் எவ்விதம் நடத்தியது என்பதை நினைத்தால் அவர்களைக் குறைசொல்ல முடியாது. முற்றத்துக்கு வெளியே நிறுத்திச் சிரட்டையில் தண்ணீர் கொடுத்த காலத்தை நம் தலைமுறை கண்ணால் கண்டிருக்கிறது. இன்றைக்கும் கயிறோ இடுப்புப் பட்டியோ காப்புறுதியோ இல்லாமல்தான் அவர்கள் ஏறுகிறார்கள். விழுந்தால் அந்தக் குடும்பத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

இங்கேதான் ஊர்ச் சங்கங்கள் பயன்படலாம். பரிசில் ஊருக்கு ஒரு சங்கம், பாடசாலைக்கு ஒரு பழைய மாணவர் சங்கம் இருக்கிறது. ஒரு சங்கம் நல்ல கயிறு, இடுப்புப் பட்டி, தலைக்கவசம், கைவாள் வாங்கி, ஊரில் நான்கு பேருக்குப் பயிற்சியும் விபத்துக் காப்புறுதியும் ஏற்பாடு செய்து, நியாயமான கூலிக்கு வீடுவீடாக மரம் பார்க்க வைக்கலாம். தனித்தனியே ஆள் தேடி அலைவதைவிட இது மலிவு. அந்த நால்வருக்கு ஆண்டில் சில வாரங்களுக்கு மரியாதையான தொழிலும் கிடைக்கும். புயல் எச்சரிக்கை வந்த பிறகு யாரையும் மரத்தில் ஏற்றக் கூடாது. அதற்குள் வேலை முடிந்திருக்க வேண்டும். ஒக்டோபர் நடுப்பகுதியைக் கடைசி நாளாக வைத்துக்கொள்ளலாம்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். இலங்கையில் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிக்க அனுமதி வேண்டும். 1951ஆம் ஆண்டின் மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் அது. கிராம உத்தியோகத்தர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மின்கம்பியில் முட்டும் கொப்பை வீட்டு ஆட்கள் தொடக்கூடாது. மின்விநியோக நிறுவனத்துக்கு அறிவித்து இணைப்பைத் துண்டித்த பிறகே வெட்ட வேண்டும். விழக்கூடிய நிலையில் இருக்கும் மரத்தை அகற்றுமாறு நீதவான் கட்டளையிடவும் 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் இடம் உண்டு. பக்கத்து வளவுக்காரர் நம்மை நீதிமன்றத்துக்கு இழுக்காமல் "பிரான்சுக்குச் சொல்லுங்கோ" என்று கேட்பது அவருடைய நற்குணம். அதை நாம் நமக்குக் கிடைத்த தவணையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இங்கே வீடு வாங்கியவர்களுக்கு

பரிசின் புறநகரங்களில் தோட்டத்தோடு பவியோன் வாங்கிய குடும்பங்கள் இப்போது பல. அவர்களுக்கும் இதே கதைதான். 1999 டிசெம்பர் 26 காலை பரிசைக் கடந்த புயலில் காற்று மணிக்கு 160 கிலோமீற்றரைத் தாண்டியது. வெர்சாய் அரண்மனைப் பூங்காவில் மட்டும் சில மணி நேரத்தில் ஏறக்குறைய 10,000 மரங்கள் சாய்ந்தன. அந்த அனுபவத்துக்குப் பிறகே, 2001இல், மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று நிறம் காட்டும் வானிலை எச்சரிக்கை முறையை மெத்தெயோ பிரான்ஸ் கொண்டுவந்தது. பலத்த காற்று நாட்களில் பரிஸ் நகரசபை பூங்காக்களைப் பூட்டிவைப்பதை நாம் கண்டிருக்கிறோம்.

பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தின்படி, வேறு உள்ளூர் விதி இல்லாத இடங்களில், இரண்டு மீற்றருக்கு மேல் வளரும் மரம் எல்லையிலிருந்து இரண்டு மீற்றராவது தள்ளி இருக்க வேண்டும். எல்லை தாண்டிய கொப்பை வெட்டுமாறு அயலவர் நம்மைக் கட்டாயப்படுத்தலாம். அவர் தானாக ஏறி வெட்ட முடியாது. வீட்டுக் காப்புறுதியில் புயல் சேதத்துக்கு இடம் உண்டு, ஐந்து வேலை நாட்களுக்குள் அறிவிப்பது நல்லது. ஆனால் தோட்டத்து மரமும் அதை அகற்றும் செலவும் பல ஒப்பந்தங்களில் அடங்குவதில்லை. மரம் நோயுற்றிருந்தது, எச்சரித்தும் பார்க்கவில்லை என்று அயலவர் நிரூபித்தால் "புயல்தான் காரணம்" என்ற வாதம் நிற்பது கடினம். ஒப்பந்தத்தை ஒரு தடவை எடுத்து வாசித்துப் பாருங்கள்.

பயத்தில் தறிக்க வேண்டாம்

டித்வாவுக்குப் பிறகு ஊரில் பலர் இருந்த மரங்களையும் தறிக்க நினைக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறோம். பயம் விளங்குகிறது. ஆனால் வீட்டுக்கு வரும் காற்றை முதலில் தாங்குவது மரம்தான். மண்ணைப் பிடிப்பதும், நிலத்தடி நீருக்கு மழையை இறக்குவதும் அதுதான். சுண்ணாம்புக்கல் நிலத்தில் கிணற்றை நம்பி வாழும் ஒரு ஊர் மரத்தை இழந்து மாபிளை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. தறிக்க வேண்டிய மரம் எது என்பதற்கு அடையாளங்கள் உண்டு. அடியில் காளான், புதிதாகச் சரிந்த சாய்வு, வேரடி மண்ணில் வெடிப்பு, தட்டினால் கோறைச் சத்தம். இவை இருந்தால் அனுபவமுள்ள ஒருவரைக் கொண்டு காட்டுங்கள். இல்லாவிட்டால் கொப்பு கழித்தால் போதும்.

பரிஸ் நகரசபை தெருவோர மரங்கள் ஒவ்வொன்றுக்கும் பதிவு வைத்து ஆண்டுதோறும் பார்வையிடுகிறது. அதே முறையை ஒரு கொப்பித் தாளில் நாமும் செய்யலாம். ஊரில் இருப்பவரிடம் வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு மரத்தையும் அடி, நடு, தலை என்று மூன்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தாளில் ஆறு நிரல் போடுங்கள்: மரம், உத்தேச உயரம், விழுந்தால் எதன்மேல் விழும், அடியில் மண்ணா சீமெந்தா, கடைசியாகக் கொப்பு கழித்த ஆண்டு, யார் பொறுப்பு. மரத்தின் உயரத்தைவிட அருகில் ஒரு கூரை இருந்தால், அது யாருடைய கூரையாக இருந்தாலும், அந்த மரத்துக்குச் சிவப்புக் கோடு போடுங்கள். அந்த ஆண்டின் பணம் முதலில் அதற்குத்தான்.

நாங்கள் அந்தத் தாளை எழுதிவிட்டோம். எங்கள் வளவில் பதினேழு மரம், நான்குக்குச் சிவப்புக் கோடு. பலா நின்ற இடத்தைச் சுற்றியிருந்த சீமெந்தை உடைத்தாகிவிட்டது. அங்கே மறுபடி ஒரு கன்று வைக்கலாமா என்று சின்னம்மா கேட்டார். பக்கத்து வளவுப் பெண்ணிடம் கேட்டுவிட்டு, அவர் சொல்லும் தூரத்தில் வையுங்கள் என்றோம். அவர் மதிலிலிருந்து முப்பது அடி எண்ணிக் காட்டினாராம். அங்கே ஒரு தடி நட்டிருக்கிறது. மழை தொடங்கியதும் கன்று வைப்பார்கள்.